எண்ணெயில் வறுத்த சில்வண்டு

மசக்கைக்காரியின் நாக்குக்கு நியாய அநியாயம் கிடையாது. ஊரே சப்புக்கொட்டித் தின்கிற இடித்த வள்ளிக்கிழங்கும் கீரைக் குழம்பும் அடன்மாவுக்குக் குமட்டியது. ஏழாம் மாதம் ஆன பிறகும் அவள் நாக்கு கேட்டது ஒன்றே ஒன்றைத்தான்: சில்வண்டு. மண்ணில் வளை தோண்டிக் குடியிருக்கும் கட்டைவிரல் பருமன் சில்வண்டு. குடலை உருவி, காலையும் சிறகையும் கிள்ளி எறிந்து, உப்பும் மிளகாயும் போட்டு வறுத்தது. அவள் பிறந்த இக்போ இனத்து வீட்டில் அதற்காக அண்ணன் தம்பிகளுக்குள் அடிதடியே நடக்கும். வாழ்க்கைப்பட்டு வந்த ஒகேயாரே ஊரில், அதுவும் கொல்லர் வளவில், அதன் பேரை எடுத்தாலே முகத்தைச் சுளிப்பார்கள்.

கொல்லர் வளவு முழுக்க இரும்புக்குச் சாமியான ஒகுனின் பிள்ளைகள். ஒகுன் ரத்தம் கேட்கிற சாமி. சில்வண்டை நசுக்கினால் சிவப்பாக ஒரு சொட்டு வராது. ரத்தம் இல்லாததை ஒகுன் தொட மாட்டார், அவர் தொடாததை அவர் பிள்ளைகள் தின்னக் கூடாது. தின்றவன் வாய் தீட்டு. அடுத்த திருவிழாவில் தீட்டுக் கழிக்கிற வரைக்கும் அவன் இரும்பின்மேல் சத்தியம் செய்யக் கூடாது. நடக்கத் தெரியாத குழந்தைக்குக்கூட அங்கே இது தெரியும். நாத்தனார்கள் அடன்மாவுக்குப் பூச்சிக்காரி என்று பேர் வைத்திருந்தார்கள். உன் பிள்ளை பிறந்ததும் அழுமா, இல்லை கிறீச்சிடுமா என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிடுவாள். கட்டினவன் நல்லவனாக இருந்துவிட்டால் நாத்தனார்கள் வாய் எவ்வளவு நீண்டால்தான் என்ன?

கட்டினவன் நல்லவன்தான். சான்மி உலைக்களத்தில் உட்காராமல் மோட்டார் சைக்கிளில் சவாரி ஏற்றிப் பிழைத்தான். அதுவும் இரும்புதானே என்று பெரியவர்கள் விட்டுவிட்டார்கள். அவள் தாய்வீட்டுக்குப் போய் வரும்போது கொண்டுவரும் சில்வண்டைத் தடுத்ததில்லை. ஆனால் அவள் தின்னும்போது எழுந்து வெளியே போய்விடுவான்.

அன்று மதியம் சந்தையில் மிளகாய் வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் சேதி வந்தது. மோரேனிகேயின் மகளை அடோ போகும் ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் அடித்துப்போட்டுவிட்டுப் போய்விட்டதாம். சின்னப் பெண், தோட்டத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனவள். தொடை எலும்பு முறிந்துவிட்டது, மண்டையிலும் அடி, அடோ ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறாள். தூரத்தில் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்த ஒருவன் வண்டியை மட்டும் பார்த்திருக்கிறான். சிவப்பு வண்டி.

ஊரில் சிவப்பு வண்டி இரண்டுதான். ஒன்று லாசிசியுடையது. இன்னொன்று சான்மியுடையது.

மிளகாயை அங்கேயே வைத்துவிட்டு அடன்மா வீட்டுக்கு நடந்தாள். சந்தை முனையில் மோரேனிகே தலைத்துணி அவிழ்ந்து கிடக்க மண்ணில் உட்கார்ந்திருந்தாள். சுற்றி நின்றவர்கள் தேற்றத் தேற்ற அவள் கத்தவில்லை, அழவில்லை. தாழ்ந்த குரலில் ஒரே சாபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் பிள்ளையை ரோட்டில் போட்டுவிட்டுப் போனவன் வீட்டில் ஒரு தொட்டில் ஆடக் கூடாது. அடன்மா மேல்துணியால் வயிற்றை மூடிக்கொண்டு, அவள் கண்ணில் படாமல் சுற்றிப் போனாள். தன் புருஷன் இல்லை என்றால் எதற்கு ஒளிந்து போகிறோம் என்று அவளுக்கே கேவலமாக இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் சான்மி வந்தான். அதற்குள் லாசிசியைப் பையன்கள் பிடித்துக் கண்ணை வீங்கவைத்து, அவன் வண்டியையும் பிடுங்கி ஊர் ராஜா வீட்டு முற்றத்தில் போட்டுவிட்டார்கள். சான்மி கொல்லர் வளவு ஆள், பெரியவர் அலாடேயின் தம்பி மகன். அவன்மேல் சட்டென்று யாரும் கை வைக்க மாட்டார்கள். ஆனால் நாளைக் காலை உலைக்களத்துக்கு வந்து இரும்பில் சத்தியம் செய்ய வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார்கள்.

அடன்மா ஒன்றும் கேட்காமல் முதலில் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை, வளைசல் இல்லை. அதற்குப் பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நான் இல்ல," என்றான் அவன். "கேள்விப்பட்டேன். நான் இல்ல."

அந்த நிமிஷத்துக்கு அவளுக்கு அது போதுமாக இருந்தது. உள்ளே வந்ததும் அவன் சட்டைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். சிமெண்ட் பைக் காகிதத்தில் சுற்றி, எண்ணெய் கசிந்திருந்தது. பிரிக்கும் முன்பே அவளுக்கு வாசனை தெரிந்துவிட்டது. பொன்னிறமாக வறுத்து, செக்கச்செவேல் என்று மிளகாய்ப்பொடி தூவிய சில்வண்டு. கடலை எண்ணெயில் வறுத்தது. அப்படி வறுத்துக் கொடுப்பவன் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே ஒருத்தன்தான், அடோ லாரி நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் வடக்கத்தி ஹௌசாக்காரன்.

அடோ என்றதும் அவள் நெஞ்சில் ஏதோ நெருடியது. அதே ரோடு. அதனால் என்ன, மதியத்துக்கு மேல் போயிருப்பான், சாயங்காலம் வந்திருப்பான், தினமும் அந்த ரோட்டில் எத்தனை பேர் போகிறார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். எதை நம்ப ஆசையோ அதற்கு மனசு எவ்வளவு சுறுசுறுப்பாகக் காரணம் தேடிக் கொடுக்கிறது!

அவள் ஒன்றை வாயில் போட்டாள். அவன் எழுந்து வெளியே போகவில்லை. எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கையை நீட்டி ஒன்றை எடுத்தான்.

"உங்க பாஷையில இதுக்கு என்ன பேரு?"

"அபுசு," என்றாள் அவள். "உங்களுக்கு இரே. பொட்டலம் கட்டிக் குடுத்தவனைக் கேட்டா க்யாரேம்பான். எதுக்குக் கேக்கறீங்க, வைங்க கீழ. பெரியப்பா பார்த்தா உலையில தூக்கிப் போட்டுருவாரு."

அவன் வைக்கவில்லை. வாயில் போட்டு மென்றான். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி இருந்தது, அவளுக்குச் சிரிப்பு வந்தது. இன்னொன்று எடுத்தான். அதையும் தின்றான். "நல்லாத்தான் இருக்கு," என்றான்.

மூன்று வருஷத்தில் அவன் அவளுக்காகச் செய்தது எதுவும் அவளை அப்படி உருக்கியதில்லை. நாத்தனார்கள் பூச்சிக்காரி என்று சொன்ன அத்தனை நாளும் அந்த ஒரு வாய்க்கு ஈடாகிவிட்டது என்று நினைத்தாள். ஊரே அவன்மேல் விரல் நீட்டிக்கொண்டிருக்கும் வேளையில், என்னோடு உட்கார்ந்து, தன் குலத்துக்கே ஆகாததைத் தின்கிறானே என்று கண் கலங்கியது. வெறும் காகிதத்தை அடுப்பில் போட்டாள். அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். அவன் உடம்பு லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. குளிர் என்று நினைத்தாள்.

மறுநாள் காலையில் உலைக்களத்தில் நிற்க இடமில்லை. ஒரு பக்கம் மோரேனிகேயும் அவள் அண்ணன்மார்களும். பெண் இன்னும் கண் திறக்கவில்லை. இன்னொரு பக்கம் கொல்லர் வளவு ஆட்கள். நடுவில் பட்டறைக் கல்மேல் கைப்பிடி இல்லாத பழைய வெட்டுக்கத்தி. அதன்மேல் பனை எண்ணெய் ஊற்றி, புதிதாக ஒரு பனங்குருத்தைப் போட்டிருந்தார் பெரியவர் அலாடே. அதை நாக்கில் வைத்துப் பொய் சொன்னவன் இரும்பாலேயே சாவான். இதில் அங்கே யாருக்கும் சந்தேகம் கிடையாது.

முதலில் லாசிசியைக் கையைக் கட்டிக் கொண்டுவந்தார்கள். அவன் ஒன்றும் தங்கக் கட்டி இல்லை. வாய்த் துடுக்குக்காரன், பாதி வழியில் இறக்கிவிட்டுக் கூடக் காசு கேட்பவன், அடன்மாவையே ஒரு தடவை மழையில் இறக்கிவிட்டிருக்கிறான். நான் முஸ்லிம், இந்தக் கத்தியை நக்க மாட்டேன், குரானைக் கொண்டு வாங்க, ஆயிரம் தடவை சத்தியம் செய்கிறேன் என்று காலையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தான். நேற்று முழுக்க வீட்டில் காய்ச்சலில் கிடந்தேன் என்றான். பார்த்தது அவன் பெண்டாட்டி மட்டும்தான். மோரேனிகேயின் அண்ணன்மார் இரும்புக்குக் குறைந்து எதையும் ஒத்துக்கொள்வதாக இல்லை. ரோட்டில் நடந்தது இரும்பால் நடந்தது, இரும்பே சொல்லட்டும் என்றார்கள்.

அடுத்து சான்மி. கொல்லர் வளவு ஆட்கள் நிமிர்ந்து நின்றார்கள். அவர்களுக்கு இது ஒரு நிமிஷ வேலை.

"நாக்குல வை. வச்சிட்டு வீட்டுக்குப் போ," என்றார் பெரியவர் அலாடே. "நம்ம வளவுல இரும்பைத் தொட்டுப் பொய் சொன்னவன் கிடையாது."

சான்மி கத்தியைத் தொடவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"என்னால தொட முடியாது பெரியப்பா. என் வாய் சுத்தமா இல்ல. நேத்து நான் இரே தின்னேன்."

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் கொல்லர் வளவு ஆட்கள் இரண்டடி பின்னால் போனார்கள். ஒரு கிழவர் தரையில் துப்பினார். நாத்தனார்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவர் அலாடேயின் முகம் வெளிறிப்போனது. எங்கே, எப்போது என்று கேட்டார்.

"மலைக்குப் பின்னால தரிசுல," என்றான் சான்மி. தலை குனிந்தே இருந்தது. "இவ மசக்கையில கேட்டுக்கிட்டே இருந்தா. பொறுக்க முடியல. காலையில இருந்து அங்கதான் வளை தோண்டிக்கிட்டிருந்தேன். அங்கேயே நெருப்பு மூட்டிச் சுட்டேன். வாசனை இழுத்துச்சு, நானும் தின்னேன். மிச்சத்தை இவளுக்குக் கொண்டு வந்தேன். அடோ ரோட்டுப் பக்கமே நான் போகல."

யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. எப்படிச் சந்தேகிப்பார்கள்? தப்பிப்பதற்காகப் பொய் சொல்கிறவன் கௌரவமான பொய்யாகத் தேடிச் சொல்வான். கொல்லர் வளவில் பிறந்தவன் ஊர் முழுக்கக் கூடியிருக்கும் இடத்தில், தன் வாயாலேயே பூச்சி தின்றேன் என்று சொல்கிறான் என்றால் அது உண்மையாகத்தான் இருக்கும். மோரேனிகேயின் பெரிய அண்ணன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டான், ஒருத்தன் அம்மணமாக நிற்பதைப் பார்த்துவிட்ட மாதிரி.

அடன்மா மட்டும் நின்ற இடத்தில் மரத்துப்போயிருந்தாள். சுட்டானா? அவள் தின்றது சுட்டதா? விரலெல்லாம் எண்ணெய் பிசுபிசுத்ததே, நாக்கில் மிளகாய் எரிந்ததே. தரிசுக் காட்டில் எண்ணெய்ச் சட்டி எங்கிருந்து வந்தது? தோண்டி எடுத்தவன் கையில் மண் இல்லை, நகத்தில் அழுக்கில்லை. இத்தனை பேரில் சுட்டதற்கும் வறுத்ததற்கும் வித்தியாசம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கு அது வெறும் தீட்டு.

அதற்கு அடுத்த நினைப்பு இன்னும் மோசமாக வந்தது. பொய்ச் சத்தியம் செய்தால் செத்துப்போவோம் என்று அவன் நிஜமாகவே பயந்திருக்கிறான். தீட்டுப்பட்டவனைச் சத்தியம் செய்யச் சொல்ல மாட்டார்கள். அதற்காகத்தான் என் எதிரில் உட்கார்ந்தானா? அதற்காகத்தான் கண்ணை மூடி விழுங்கினானா?

பெரியவர் அலாடே அவள் பக்கம் திரும்பினார். "மருமவளே, நேத்து இவன் உனக்கு அதைக் கொண்டு வந்தானா?"

"கொண்டு வந்தாரு."

"தின்னானா? நீ பார்த்தியா?"

"பார்த்தேன். தின்னாரு."

இரண்டும் உண்மை. ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. அவளுக்கு அப்படித்தான் இருந்தது, கொஞ்ச நேரம். சான்மி தலை தூக்கி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் நன்றி இருந்தது. அந்த நன்றியைத் தாங்க முடியாமல் அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். சும்மா இருந்துவிடலாம். பிள்ளைக்கு அப்பன் வேண்டும். லாசிசிக்கும் தனக்கும் என்ன?

பெரியவர் அலாடே தீர்ப்பைச் சொன்னார். திருவிழா வரைக்கும் சான்மி உலைக்களத்துக்குள் வரக் கூடாது, வண்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் பெண்ணை அடித்தவன் அவன் இல்லை. அவர் அதைச் சொல்லி முடித்ததும் கூட்டம் மொத்தமும் லாசிசி பக்கம் திரும்பியது. யாரும் சத்தம் போடவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. இரண்டு பையன்கள் சாலையோரக் கடையிலிருந்து ஒரு பழைய டயரை உருட்டிக்கொண்டு வந்தார்கள். இன்னொருவன் கையில் பெட்ரோல் கேன். நகரங்களில் திருடனைப் பிடித்தால் கழுத்தில் டயரை மாட்டிக் கொளுத்துவார்கள் என்பது எல்லோரும் கேள்விப்பட்டதுதான். காலையிலிருந்து வாயை மூடாத லாசிசி அப்போதுதான் வாயை மூடினான். பெரியவர் ஏதோ சொல்லிப் பார்த்தார், பையன்கள் காதில் வாங்கவில்லை.

அந்த நேரத்தில் மோரேனிகே எழுந்து வந்தாள். எல்லோரும் அவள் லாசிசியிடம் போகிறாள் என்று வழி விட்டார்கள். அவள் அடன்மா முன்னால் வந்து மண்டியிட்டாள். வயதில் மூத்தவள், அத்தனை பேர் பார்க்க, ஒரு பூச்சிக்காரி முன்னால் மண்டியிட்டாள்.

"தங்கச்சி, என்னை மன்னிச்சுரு. நேத்து சந்தையில உன் வீட்டுக்காரரையும் மனசுல வச்சுத்தான் அந்தச் சாபத்தைச் சொன்னேன். உன் வயித்துல பட்டுறக் கூடாதுன்னு ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல." அவள் அடன்மாவின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். "உன் வாசல்ல இருந்து அதை எடுத்துட்டேன். இந்த லாசிசி வாசல்ல வைக்கறேன். இவன் பொண்டாட்டிக்கும் சின்னப் பிள்ளை இருக்குல்ல."

அந்தக் கை சூடாக இருந்தது. உள்ளே பிள்ளை புரண்டது, மோரேனிகேக்கும் தெரிந்திருக்கும். பேசினால் சாபம் தன் வாசலுக்கே திரும்பி வரும். பேசாவிட்டால் இன்னொருத்தி தொட்டிலில் விழும். ஆண்கள் டயரை லாசிசியின் தலைக்கு மேலே தூக்கிவிட்டார்கள்.

"அங்க வைக்காதீங்கக்கா," என்றாள். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. "அவர் எனக்குக் கொண்டு வந்தது சுட்டது இல்ல. கடலெண்ணெயில வறுத்தது. மிளகாய்ப்பொடி போட்டு, சிமெண்ட் பைக் காகிதத்துல கட்டுனது. அடோ லாரி நிலையத்துல வாங்குனது. தோண்டுனவன் கொண்டு வர்றது அப்படி இருக்காது."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. இவளுக்குப் புருஷன்மேல் என்ன கோபமோ என்று யாரோ சொன்னார்கள். சான்மி அவளைப் பார்த்து, பைத்தியமா உனக்கு என்று கேட்டான். பெரியவர் அலாடே கையை உயர்த்தினார். அவர் முகத்தில் இப்போது அருவருப்பு போய் வேறு ஏதோ வந்திருந்தது. டயரைக் கீழே போடச் சொன்னார். இந்தத் தடவை பையன்கள் போட்டார்கள்.

"தரிசுக்குப் போலாம் வா," என்றார் சான்மியிடம். "எல்லாரும் வர்றோம். நீ தோண்டுன வளையைக் காட்டு. நெருப்பு மூட்டுன சாம்பலைக் காட்டு. ஒண்ணே ஒண்ணு காட்டுனா போதும்."

சான்மி ஒரு அடி எடுத்து வைத்தான். இன்னொரு அடி வைக்கவில்லை. தொப்பியைக் கசக்கிக்கொண்டே நின்றவன், அப்படியே பட்டறைக் கல்லின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். காலையிலேயே அடோ போய்விட்டுத் திரும்பியதாகச் சொன்னான். பொட்டலம் சூடு ஆறுவதற்குள் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று முறுக்கிக்கொண்டு வந்தானாம். மக்காச்சோளத்துக்குள்ளிருந்து அந்தப் பெண் ஓடி வந்ததைப் பார்க்கவில்லையாம். நிறுத்தினேன், திரும்பிப் பார்த்தேன், செத்துவிட்டது என்று நினைத்து ஓடிவிட்டேன், மறைவில் வைத்து வண்டி வளைசலை நிமிர்த்தி, கீறலைத் தேய்த்துவிட்டுப் பொழுது சாய்ந்துதான் வீட்டுக்கு வந்தேன் என்றான். அதன் பிறகு அவன் பேசியது யாருக்கும் விளங்கவில்லை.

மோரேனிகேயின் அண்ணன்மார் அவனை நோக்கி நகர்ந்தார்கள். பெரியவர் அலாடே குறுக்கே வந்து நின்றார். என் வீட்டுப் பிள்ளை, நானே போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், இவன்மேல் ஒரு விரல் பட்டால் முதலில் என்மேல் படட்டும் என்றார். லாசிசியை யாரோ அவிழ்த்துவிட்டார்கள். அவன் யாரையும் பார்க்காமல், வீங்கின கண்ணோடு, தன் வீட்டுப் பக்கம் ஓடினான்.

சான்மியைக் கையைப் பிடித்து எழுப்பினார்கள். அடன்மா அவன் வழியில் போய் நின்றாள். அவளுக்குக் கேட்பதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்கு அவன் பொய் சொன்னாலும் அப்போது அவள் நம்பத் தயாராக இருந்தாள்.

"நேத்து என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டீங்களே. எனக்காகவா, இந்த இரும்புக்காகவா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கத்தி பக்கத்திலேயே கிடந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை.

"இரும்புக்காகத்தான்," என்றான்.

அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நேற்று மதியத்திலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அடன்மாவுக்கு அப்போதுதான் வந்தது. கால் துவண்டு சரியப் போனவளை நாத்தனார்கள் யாரும் பிடிக்கவில்லை. மோரேனிகேதான் ஓடிவந்து இடுப்பில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.